ஆறு வீட்டு உப்பு

சர்க்கரை டப்பாவோடு நீண்ட என் கையைச் செல்வி மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினாள். பிடி என்றால் பிடி. தினம் நாலு வீட்டுக்குச் சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை அது. அவளுடைய கண்ணாடி வளையல் என் தோலில் பதிந்து, சாயங்காலம் வரைக்கும் அச்சு தெரிந்தது.

இடம், புனேயின் ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் கேன்டீன் சமையலறை. நேரம், பகல் பதினொன்றரை. எங்கள் முன்னால் பெரிய டேக்சாவில் நூற்றிருபது பேருக்கான பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கேன்டீன் பொறுப்பாளர் குல்கர்னி ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "புளிப்பு ஜாஸ்தி. கொஞ்சம் சர்க்கரை போடுங்க" என்று இந்தியில் சொன்னார். அவர் வாய் மூடுவதற்குள் டப்பாவை எடுத்துவிட்டவள் நான்.

"வைங்கக்கா" என்றாள் செல்வி. குல்கர்னிக்குப் புரியக் கூடாது என்று தமிழில்தான் சொன்னாள். ஆனால் அவர் புருவம் ஏறிய விதத்தைப் பார்த்தால், அவருக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

அன்று ஒரு நாள் மட்டும் சோதனைச் சமையல். பிடித்திருந்தால் செல்விக்கும் அவளுடைய ஐந்து தோழிகளுக்கும் கேன்டீனில் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எழுதுவது எனக்குச் சுலபம். செல்வி பாணேரில் நாலு வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தாள். அந்த வியாழக்கிழமைக்கு லீவு கேட்டதற்காகவே இரண்டு வீட்டுக்காரர்கள், "அப்ப நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார்கள். திரும்பிப் போக அவளுக்குப் பாதி இடம்தான் மிச்சம் இருந்தது.

அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பயந்தேன். பயந்ததால்தான் டப்பாவை எடுத்தேன்.

அந்தக் கடிதம்

இந்தத் தொடரில் என் சமையல் வகுப்புகளைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "கூட்டமாகச் சேர்ந்து சமைத்தால் பசி தீரும். அதில் தலைமைப் பண்பு எங்கிருந்து வந்தது? மனநிம்மதி எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டில் கூட்டமாகச் சமைத்தால் சண்டைதான் வரும்" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்தச் சண்டையை வைத்துத்தான், அம்மா, என் பிழைப்பே நடக்கிறது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். நானும் ஹிஞ்சேவாடியில் வேலை பார்த்தவள்தான். கோயமுத்தூரிலிருந்து கல்யாணமாகிப் புனே வந்து, ஒரு கம்பெனியில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, நாற்பது பேருக்குத் தலைவியாக இருந்தேன். தலைவி என்றால் எப்படி? ஒருத்தர் எழுதிய மெயிலை நான் திருத்தாமல் வெளியே போகக் கூடாது. ஒருத்தர் செய்த வேலையை நான் மறுபடி செய்யாமல் தூங்கக் கூடாது. என் கணவர் சொல்வார்: "நாப்பது பேருக்குக் கம்பெனி சம்பளம் குடுக்க, அத்தனை வேலையும் நீயே செய்யறயே, உன்னைப் போல இளிச்சவாய் அந்தக் கம்பெனிக்கு மறுபடி கிடைக்குமா வசந்தி?"

ஒரு நாள் காலை கம்பெனி காரில் போகும்போது, போக்குவரத்து நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. அது தினமும் நிற்பதுதான். அன்றைக்கு என் மூச்சும் நின்ற மாதிரி இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்தாள். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்த டாக்டர், "இதயம் நன்றாக இருக்கிறது, நீங்கள்தான் நன்றாக இல்லை" என்றார். இரண்டு மாதத்தில் வேலையை விட்டேன்.

விட்ட பிறகு வீட்டில் என்னைச் சமாளிக்க முடியவில்லை. என் கணவர் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். மனுஷர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கீழே க்ளப் ஹவுஸ்ல நாலு பேரு சேந்து ஏதோ சமைக்கறாங்களாம், போய்ட்டு வா" என்று பிடித்துத் தள்ளினார். போனேன். தெரியாத நாலு பெண்களோடு ஒரே அடுப்பில் அவியல் செய்தோம். ஆளுக்கு ஒரு காய் நறுக்கினோம். பூசணிக்காய் என் பங்கு. மற்றவர்கள் நறுக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. கத்தியைப் பிடுங்கிச் சரி செய்யவும் முடியவில்லை, ஏனென்றால் யாரும் என் கீழ் வேலை பார்ப்பவர்கள் இல்லை. கேரட் தடியாகவே இருந்தது. அவியல் நன்றாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினேன் என்றால் நம்ப வேண்டும்.

கையைக் கட்டு

அதிலிருந்துதான் வகுப்பு பிறந்தது. பழைய சிநேகிதர்கள் மூலம் செய்தி பரவி, கம்பெனிகளிலிருந்து சனிக்கிழமைகளில் ஆட்களைக் குழுக் குழுவாக க்ளப் ஹவுஸுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு விதிதான் வைத்தேன். அன்றைய தலைவர் யாரோ அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பார்க்கலாம், முகரலாம், ருசி பார்க்கலாம், பேசலாம். தொடக் கூடாது.

வேடிக்கையைக் கேளுங்கள். பெரிய பெரிய ஆட்களுக்குக் கையைக் கட்டியதும் வாயும் சேர்ந்து கட்டிப் போகும். ஒரு டீம் லீடர், பெயர் வேண்டாம், வாணலியில் வெங்காயம் கருகுவதைப் பார்த்தபடியே நின்றார். 'தீயைக் குறை' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல அவருக்கு வரவில்லை. வியர்த்துக் கொட்டுகிறது. பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "மேடம், அந்தப் பையன் பேர் என்ன?" ஏழு மாதமாக அவர் கீழே வேலை பார்க்கும் பையன். பெயர் தெரியாமல் வெங்காயம் கருகியது. அடுத்த மூன்று சனிக்கிழமையும் அவர் சொந்தக் காசில் வந்தார்.

வாசகி அவர்களே, தலைமைப் பண்பு இங்கிருந்துதான் வருகிறது. கருகிய வெங்காயத்தை எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டாக வேண்டும். யார் மேலும் பழி போட்டுத் தப்பிக்க முடியாது.

செல்வி கேட்டது

செல்வி எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடி வீட்டில் சமைப்பவள். ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே ஏரவாடாவுக்கு வந்துவிட்டார்கள். தமிழ் பேசுவாள், நடுவில் இந்தியும் மராட்டியும் தாராளமாக வந்து விழும். என்னை அக்கா என்று கூப்பிட்டாள். அவள் என்னைவிட ஒரு வயது பெரியவள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் அக்கா ஒட்டிக்கொண்டுவிட்டது, நானும் அவள் இவள் என்று பேசிப் பழகிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை க்ளப் ஹவுஸ் வாசலில் நின்று வகுப்பை வேடிக்கை பார்த்தாள். எல்லாரும் போன பிறகு உள்ளே வந்தாள்.

"இன்னா அக்கா இது? இவங்களுக்கு நல்லா பேச வருது, சமைக்க வரல. நீங்க கத்துக் குடுக்கறீங்க. எங்களுக்கு நல்லா சமைக்க வருது, பேச வரல. எங்களுக்கு யாரு கத்துக் குடுப்பா?"

அடுத்த ஞாயிறு மதியம் ஏரவாடாவில் அவர்கள் சந்து முனையில் இருந்த சமூகக் கூடத்தில் அடுப்பு மூட்டினோம். செல்வியைச் சேர்த்து ஆறு பெண்கள். ஆறு பேரும் பாணேர் பக்கம் வீடுகளில் சமைப்பவர்கள். ஆறு பேரும் என்னைவிட நன்றாகச் சமைப்பவர்கள்.

சர்க்கரையும் பூண்டும்

முதல் நாள் ஒரே பானையில் ஆறு பேரும் சேர்ந்து பருப்பு செய்யட்டும் என்றேன். பச்சைப் பிள்ளைக்கும் வரும் பருப்பு. நான் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்ததோ, வாயில் வைக்க முடியாத ஒரு திரவம். உப்பு இல்லை. இனித்தது. எண்ணெயே இல்லை. நடுநடுவே மிளகாய் மட்டும் சுரீர் என்றது. உரித்து வைத்த பூண்டு அப்படியே தட்டில் கிடந்தது.

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. ரேகா சமைப்பது ஒரு குஜராத்தி வீட்டில், பருப்பில் சர்க்கரை விழுந்தே ஆக வேண்டும், அவள் கை தானாகப் போட்டிருக்கிறது. இன்னொருத்திக்கு ஜைன வீடு, பூண்டைப் பார்த்ததும் ஒதுக்கிவிட்டாள். ஒருத்தி வீட்டு அம்மாள் எடை குறைக்கிறாள், தாளிப்பே கிடையாது. ஒருத்தி வீட்டில் கைக்குழந்தை, பருப்பைக் கூழாகக் கரைத்துவிட்டாள். பேபி என்பவள் சமைப்பது நாலு கல்யாணமாகாத பையன்களுக்கு, அவள் மிளகாயை அள்ளிவிட்டாள். செல்வி சமைக்கும் ஒரு வீட்டில் பெரியவருக்கு ரத்தக் கொதிப்பு, உப்பு அவள் பொறுப்பு, அரைக் கரண்டியோடு நிறுத்திவிட்டாள். ஒருத்தியும் தப்புச் செய்யவில்லை. ஆளாளுக்கு அவரவர் எஜமானியின் நாக்குக்குச் சமைத்திருக்கிறார்கள்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எங்களுக்கு. பேபி சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் நான் கேட்டேன்: "சரி, உங்களுக்கு எப்படி இருந்தா பிடிக்கும்?"

செல்விதான் கடைசியில் சொன்னாள். "எங்களுக்கா? மிச்சம் எது இருக்கோ அத்த தின்னுவோம். புடிக்குமான்னு யாரு யோசிச்சா?"

அதற்கப்புறம் ஆறு வாரம் வேறு பாடமே வைக்கவில்லை. ஞாயிறுக்கு ஒருத்தி, தனக்குப் பிடித்த பருப்பைத் தனக்குப் பிடித்த மாதிரி செய்ய வேண்டும், மற்ற ஐந்து பேரும் அவள் சொல்வதைக் கேட்க வேண்டும். செல்வி தன் முறை வரும் வரை யோசித்தாள். புளி, நிறையப் பூண்டு, கருக வறுத்த மிளகாய். "சாதத்துல ஊத்தி வாயில வெச்சா கண்ல ஒரு சொட்டு தண்ணி வரணும்" என்றாள். வந்தது.

பாரீக்!

சமைத்துவிட்டாள், சரி. மற்றவர்களை வேலை வாங்க வேண்டுமே. கையைக் கட்டச் சொன்னால் செல்வி கட்டுவாள். ரேகா வெங்காயத்தைத் தடித் தடியாக நறுக்குவாள். செல்வி பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், கட்டை அவிழ்த்து அத்தனை வெங்காயத்தையும் தானே மறுபடி நறுக்கிவிடுவாள்.

யாரையோ பார்க்கிற மாதிரி இருக்கிறதா? எனக்கும் இருந்தது. அவள் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல் வந்த கோபம்.

"ஏன் செல்வி, அவகிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவா அக்கா. நாள் பூரா நாலு வீட்ல சொல்றத கேக்கறா. இங்கயும் நான் சொல்லணுமா?"

"சொல்லாம நீ மறுபடி நறுக்கறியே, அது அவளுக்குத் தெரியாதுன்னா நெனைக்கற?"

ரேகாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாங்கள் வெங்காயத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசியதில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கத்தியைக் கீழே வைத்து, மராட்டியில் செல்வியிடம் சொன்னாள்: "நீ வாயைத் திறந்து சொல்லு. நீ திருட்டுத்தனமா நறுக்கும்போதுதான் எனக்கு அழுகை வருது."

அடுத்த ஞாயிறு அந்தக் கூடமே அதிர ஒரு குரல் கேட்டது. "ரேகாதாயி, பாரீக்! இன்னும் பாரீக்!" பாரீக் என்றால் மராட்டியில் பொடியாக. தாயி என்றால் அக்கா. ரேகா சிரித்துக்கொண்டே பொடிப் பொடியாக நறுக்கினாள். செல்வி சத்தம் போட்ட வேகத்தில் தானே மிரண்டு போய் என்னைப் பார்த்தாள். பல வருஷமாக இருந்த ஒற்றைத் தலைவலி அந்த மாதம் வரவில்லை என்று பிறகு ஒரு நாள் சொன்னாள். காரணம் வகுப்புதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவள் செய்வாள்.

மறுபடியும் அந்த டேக்சா

என் சனிக்கிழமை வகுப்புக்கு வந்த கம்பெனி ஒன்றில் கேன்டீனுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து, பேசி, கெஞ்சி, ஒரு நாள் சோதனை வாங்கிக் கொடுத்தது நான். அதனால் அந்தச் சமையலறையில் எனக்கும் பங்கு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான்.

குல்கர்னி சர்க்கரை என்றதும் ஐந்து பெண்களும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். செல்வியை இல்லை, என்னை. ரேகாவின் கை ஏற்கெனவே அலமாரிப் பக்கம் நீண்டுவிட்டது. செல்வியின் உதடு 'ஜி சார்' சொல்லத் தயாரானதை நான் பார்த்தேன். எத்தனை வருஷப் பழக்கம் அது. நான் டப்பாவை எடுத்து நீட்டவும்தான் அவளுக்கு என்னவோ ஆயிற்று. மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வைங்கக்கா."

வைத்தேன்.

பிறகு குல்கர்னி பக்கம் திரும்பினாள். அவள் இந்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். "சார், வெறும் பருப்பை ஸ்பூன்ல குடிச்சா புளிப்பாத்தான் இருக்கும். இது சாதத்துக்குச் செஞ்சது. சாதம் சேந்தா புளிப்பு அடங்கிடும். ஒரு நிமிஷம் நில்லுங்க."

தட்டில் சாதம் போட்டாள், பருப்பை ஊற்றினாள், அவர் கையில் கொடுத்தாள். அவர் நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நம்ம ஆளுங்களுக்குக் கொஞ்சம் இனிப்பு பழக்கம்" என்றார், முன்னைவிடக் குரலைத் தாழ்த்தி.

"சர்க்கரைக் கிண்ணம் கவுன்டர்ல வெக்கறேன் சார். வேணுங்கறவங்க தட்டுல போட்டுக்கட்டும். டேக்சாவுல போட மாட்டேன். சாப்பாடு முடிஞ்சு வேணாம்னு தோணினா சொல்லிடுங்க, நாங்க போய்டறோம்."

போய்டறோம் என்கிறாளே, எங்கே போவாள்? இரண்டு வீடுதானே மிச்சம்? அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பாப்போம்" என்று சொல்லிப் போய்விட்டார். ஆள் போனதும் செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம்தான். பிறகு, "பேபி, மோர்ல உப்பு பாரு. ரேகாதாயி, சப்பாத்தி எத்தினி ஆச்சு?" என்று குரல் வந்துவிட்டது.

சாப்பாடு எல்லாம் ஜோராக நடந்தது என்று எழுத ஆசைதான். சப்பாத்தி கடைசியில் இருபது பேருக்குக் குறைந்துவிட்டது. செல்வியே கவுன்டருக்குப் போய், "பத்து நிமிஷம் ஆகும், நிக்கறவங்க நில்லுங்க, சூடா தர்றேன்" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள். மூன்று பேர் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள். சர்க்கரைக் கிண்ணத்திலிருந்து பத்துப் பேர் எடுத்திருந்தால் அதிகம். டேக்சா வழித்த மாதிரி காலி.

மூன்று மணிக்குக் குல்கர்னி வந்தார். நேராக என்னிடம். "நல்லா பண்ணினாங்க மேடம். திங்கட்கிழமையிலேருந்து ஆரம்பிக்கலாம். பொறுப்பு உங்களுதுதானே?"

உண்மையைச் சொல்கிறேன். ஆமாம் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. நாற்பது பேருக்குத் தலைவியாக இருந்தவள் இல்லையா? அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பொறுப்பு என்னுது சார். ஆறு பேரும் வருவோம். ஒருத்தி குறைஞ்சாலும் வர மாட்டோம்."

அவர் செல்வியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேச்சை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பாத்திரம் துடைக்கப் போனேன்.

வாசலில்

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் செல்வி என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வளையல் அச்சைத் தடவினாள். "வலிச்சுதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"திங்கக்கெழமை நீங்க வராதீங்கக்கா" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடவில்லை. "நீங்க இருந்தா எல்லாரும் உங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க. இன்னிக்குப் பாத்தீங்கல்ல?"

சுருக்கென்றது. முதல் வாரமாவது, முதல் நாளாவது, ஓரமாக நிற்கிறேன் என்றெல்லாம் பேரம் பேசினேன். பாணேரில் நான் இறங்கும் வரை அவள் அசையவில்லை.

திங்கட்கிழமை வந்தது. பத்து மணிக்குள் நான் என் கணவரின் அலமாரியை இரண்டு தடவை அடுக்கிவிட்டேன். "போகாதே" என்றார் அவர். போனேன். நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா? மதியம் பன்னிரண்டரைக்கு ஹிஞ்சேவாடியில் அந்தக் கம்பெனி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினேன்.

காவலாளி நோட்டைப் புரட்டினார். கேன்டீன் ஆட்களின் பட்டியலை அன்று காலை செல்வியே சொல்லி எழுத வைத்திருக்கிறாள். ஆறு பெயர் இருந்தது. ஏழாவது இல்லை. "உங்க பேர் இல்லீங்க மேடம்" என்றார், என் பேரைக் கேட்டு மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு.

செல்விக்குப் போன் செய்தேன். ஏழெட்டு முறை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் தட்டுகளின் சத்தம், பேபி எதையோ கேட்கும் சத்தம், இருநூறு கால்கள் நடக்கிற சத்தம்.

"செல்வி, நான் கேட்லதான்..."

"சாப்பாட்டு நேரம்க்கா. மூணு மணிக்குப் பேசறேன்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன்னால் அவள் உள்ளே யாரையோ பார்த்து, "அத்த அங்க வெக்காத, இங்க வை!" என்று அதட்டியது எனக்கு நன்றாகக் கேட்டது.

காவலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். உட்காரவில்லை. கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் நிற்கவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது. வந்த ஆட்டோ இன்னும் போகவில்லை. அதிலேயே ஏறி வீட்டுக்குப் போகச் சொன்னேன்.